கட்சித் தராசும் நியாயத் தராசும்

பெரிய மனிதர் ஒருவருக்கு ஆலோசகராயிருந்தவர்மீது குற்ற விசாரணை தொடங்கினால், ஜனங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அவர் என்ன செய்தார்?" என்பதாகும். ஆனால் உலக வழக்கத்தில் முதலில் எழுகின்ற கேள்வி, "அவர் யாருடைய ஆள்?" என்பதே. இதற்கு விடை கிடைத்த மாத்திரத்தில், மற்றதற்கு விடை தேடும் சிரமமே வேண்டியதில்லை என்று பெரும்பாலோர் நினைத்துவிடுகிறார்கள். நம்மவராயின் நிரபராதி, எதிரியின் பக்கத்தவராயின் குற்றவாளி. சாட்சியும் தீர்ப்பும் பிறகு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும் என்பதே கட்சிக்காரர் கொள்கை. இம்மனப்பான்மை எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கின்றது என்பதை நமது மலேசிய நாட்டுச் சரித்திரத்திலிருந்தே எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

2006-ம் வருஷம் அக்டோபர் மாதம் 19-ந் தேதி இரவு, கோலாலம்பூர் டாமன்சாரா ஹைட்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் வாசலில் நின்றிருந்த அல்தான்துயா ஷாரிபு என்ற மங்கோலிய நாட்டுப் பெண், போலீஸ்காரர்களால் அழைத்துச் செல்லப்பட்டாள். வயது இருபத்தெட்டு. இரண்டு பிள்ளைகளின் தாய். அதற்குப்பின் அவளை உயிரோடு கண்டவர் இல்லை. நவம்பர் முதல் வாரத்தில், ஷா ஆலாமை அடுத்த புஞ்சாக் ஆலாம் காட்டில் எலும்புத் துண்டுகளே அகப்பட்டன. அவளைக் கொன்று, ராணுவத்தார் உபயோகிக்கும் சி-4 என்னும் வெடிமருந்தினால் உடலைச் சிதறடித்துவிட்டார்கள்.

அவள் நின்ற வாசல், அப்துல் ரசாக் பகிண்டா என்பவருடைய வீட்டு வாசல். அவர் மலேசிய வியூக ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் தலைவர். தற்காப்பு விஷயங்களில் பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். அப்போது உதவிப் பிரதமராகவும் தற்காப்பு மந்திரியாகவும் இருந்த நஜிப் துன் ரசாக்கிற்கு நெருங்கிய ஆலோசகர் என்று நாடெங்கும் அறியப்பட்டவர். அப்பெண்ணுடன் தமக்குத் தொடர்பு இருந்ததென்றும், அது முறிந்தபின் அவளால் தமக்குத் தொல்லை நேர்ந்ததென்றும் அவரே பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டார். கொலைக் குற்றத்திற்கு ஆளான அசிலா ஹத்ரி, சிருல் அசார் உமார் என்ற இருவரும், தலைவர்களுக்குக் காவல் நிற்கும் விசேஷப் போலீஸ் பிரிவைச் சேர்ந்தவர்கள். உடந்தைக் குற்றம் சாட்டப்பட்டு ரசாக் பகிண்டாவும் 2006 நவம்பரில் கூண்டில் நிறுத்தப்பட்டார். 2007 ஜூன் மாதத்தில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிற்று.

இனி, வெளியே நடந்த விசாரணையைப் பார்ப்போம்.

2007 நவம்பர் 25-ல் இண்ட்ராப் ஊர்வலம் நடந்தது. 2008 மார்ச் 8-ல் நடந்த பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. தமிழ் வாக்காளர் பலர் எதிர்க்கட்சிப் பக்கம் சாய்ந்தனர். நமது கேமரன் மலைத் தொகுதியில் ம. இ. கா.வே வென்றது என்றாலும், கோலா தெர்லாவிலும் கம்போங் ராஜாவிலும் தேநீர்க் கடை மேசைகள் இரண்டாகப் பிளந்து கிடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அப்போது நாம் பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரு மேசையில், "இது எதிர்க்கட்சிக்காரன் கட்டிய கதை, நஜிப்பைக் கவிழ்க்கச் செய்த சூழ்ச்சி" என்பார்கள். அடுத்த மேசையில், "விசாரணையே நாடகம், தீர்ப்பு முன்னமே எழுதியாகிவிட்டது" என்பார்கள். ஷா ஆலாமில் அன்றைய தினம் எந்தச் சாட்சி என்ன சொன்னார் என்று கேட்டால் இரு மேசையிலும் விடை இராது. நாமும் இரண்டாவது மேசையில் உட்கார்ந்து ஓங்கிப் பேசியவர்களில் ஒருவரே என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

அந்த நிலையில்தான் நமது தமிழர் ஒருவர் இக்கதையின் நடுவே வந்து நின்றார். பி. பாலசுப்ரமணியம் என்பவர் முன்னாள் போலீஸ்காரர்; பிறகு தனியார் துப்பறிவாளர். அல்தான்துயாவின் தொல்லையிலிருந்து காத்துக்கொள்ள ரசாக் பகிண்டா அமர்த்தியவர் அவரே. 2007-ல் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 2008 ஜூலை 3-ந் தேதி, எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் உடனிருக்க, பத்திரிகைக்காரர் முன் ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரத்தை வெளியிட்டார். நீதிமன்றத்தில் கேட்கப்படாத விஷயங்கள் என்று அவர் கூறியவற்றில் உதவிப் பிரதமரின் பெயரும் இருந்தது. மறுநாள், ஜூலை 4-ந் தேதி, வேறொரு வக்கீலுடன் வந்து, முதற் பத்திரத்தில் உதவிப் பிரதமரைப்பற்றிச் சொன்னவற்றையெல்லாம் வாபஸ் வாங்கி இரண்டாவது பத்திரம் வாசித்தார். உடனே மனைவி மக்களுடன் நாட்டைவிட்டே வெளியேறினார். நஜிப்போ, அப்பெண்ணைத் தாம் அறிந்ததேயில்லை என்று அன்றும் மறுத்தார், பின்னும் மறுத்தார்.

ஒரு மனிதர் அடுத்தடுத்த நாட்களில் நேர்மாறான இரண்டு பிரமாணங்களை வெளியிட்டால், அவற்றில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். எது பொய்? அதைச் சொல்லச் சொன்னது பயமா, பணமா, மனசாட்சியா? அறிவுள்ள ஜனங்கள் இதைத்தானே கேட்டிருக்க வேண்டும்? நடந்ததோ வேறு. ஒரு கட்சியார் முதற் பத்திரத்தை வேதவாக்காகக் கொண்டனர். மற்றவர் இரண்டாவதை வேதவாக்காகக் கொண்டனர். லயத்திலே, "நம்ம தமிழன் சிங்கம்" என்று வியாழக்கிழமை மார்தட்டியவர்கள், வெள்ளிக்கிழமை, "தமிழன் புத்தியைக் காட்டிவிட்டான்" என்று காறி உமிழ்ந்தார்கள். அம்மனிதர் பல வருஷம் வெளிநாட்டில் கழித்துவிட்டு, 2013-ல் திரும்பிவந்து, எதிர்க்கட்சி மேடைகளில் தோன்றினார். மார்ச் 15-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். மே 5-ல் பொதுத் தேர்தல் நடந்தது.

கட்சிகளின் கையில் அகப்பட்ட சாட்சியின் கதி இவ்வாறாவது புதிதன்று. 1775-ல் கல்கத்தாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று மகாராஜா நந்தகுமார் அந்த வருஷம் மார்ச்சு மாதத்தில் புகார் செய்தார். ஐவர் கொண்ட ஆலோசனைச் சபையில் கிளேவரிங், மான்சன், பிரான்சிஸ் என்ற மூவர் ஹேஸ்டிங்ஸின் விரோதிகள். அவர்கள் நந்தகுமாரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சில வாரங்களுக்குள் நந்தகுமார் பழைய பத்திரமொன்றில் பொய்க் கையெழுத்திட்டார் என்ற வழக்கில் கைதியானார். தூக்குத் தண்டனையும் பெற்றார். மரணத்திற்கு முந்தின நாள் அவருடைய மனு கிளேவரிங் கையில் வந்து சேர்ந்தது. ஆகஸ்டு 5-ந் தேதி நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். கிளேவரிங் அம்மனுவைச் சபையில் வைத்தது 14-ந் தேதி. உபயோகப்பட்டவரையில் சாட்சி, உபயோகம் தீர்ந்தபின் சவம். அன்றைய கல்கத்தாவுக்கும் நம் காலத்துக்கும் இருநூறு வருஷத்திற்கு மேற்பட்ட தூரம் இருப்பினும், கட்சியின் குணத்தில் மாறுதல் ஏதும் காணோம்.

நிற்க. அதே 2008-ம் வருஷத்தில் மற்றொரு விசாரணையும் நடந்தது. அன்வார் இப்ராஹிமின் உதவியாளராயிருந்த ஓர் இளைஞர் அவர்மீது பாலியல் குற்றம் கூறினார். ஜூலை 16-ல் அன்வார் கைதானார். ஆகஸ்டு 7-ல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டார். இங்கேதான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரண்டு வழக்கையும் துப்புத் துலக்கியது ஒரே போலீஸ் இலாகா. இரண்டையும் நடத்தியது ஒரே அட்டர்னி ஜெனரல் அலுவலகம். ஆயினும், ரசாக் பகிண்டா விஷயத்தில், "போலீசையும் கோர்ட்டையும் நம்புங்கள், அவதூறு பேசாதீர்கள்" என்று உபதேசித்த முதல் மேசைக்காரர்கள், அன்வார் விஷயத்தில், "கோர்ட்டு எதற்கு? அவன் குற்றவாளிதான்" என்றார்கள். ரசாக் பகிண்டா விஷயத்தில் கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திராமலே குற்றவாளி என்று முடிவு கட்டிய இரண்டாம் மேசைக்காரர்கள், அன்வார் விஷயத்தில், "தீர்ப்பாகும்வரை ஒருவனைக் குற்றவாளி எனலாமா?" என்று சட்டம் பேசினார்கள். இரு மேசையாரும் நியாய சாஸ்திரத்தை நன்றாகவே அறிந்திருந்தனர். தங்களுக்கு வேண்டியபோது மாத்திரம் அதை நினைவுக்குக் கொண்டுவந்தனர்.

அந்த ஆகஸ்டு மாதத்தில் பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் இடைத் தேர்தல். அதையொட்டிச் சத்தியங்கள் பெருகின. 15-ந் தேதி அந்த இளைஞர் பள்ளிவாசலில் குர்ஆன்மீது சத்தியம் செய்தார். 22-ந் தேதி நஜிப் அத்தொகுதியிலுள்ள ஒரு பள்ளிவாசலில், கொலையுண்ட பெண்ணைத் தாம் அறிந்ததில்லை என்று சத்தியம் செய்தார். யாருடைய மதத்தையும் பழிப்பது நமது கருத்தன்று. நமது மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து, திருட்டு வழக்குகளைத் தீர்த்துக்கொண்டவர்கள்தாமே நாம்? நாம் கேட்பது இதுதான். மெய்யன் செய்யும் சத்தியமும் பொய்யன் செய்யும் சத்தியமும் கேட்பவன் காதுக்கு ஒரேமாதிரிதானே ஒலிக்கின்றன? கற்பூரம் இருவர் கையிலும் அணையும். நம்புகிறவன் முன்னமே நம்பினான். நம்பாதவன் பிறகும் நம்பவில்லை. ஆகவே, சாட்சியமும் குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டிய வேலையைச் சத்தியம் செய்துவிடும் என்று எண்ணுவது அறிவுடைமையாகாது.

இனித் தீர்ப்புகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 2008 அக்டோபர் 31-ந் தேதி, எதிர்வாதம் செய்ய அழைக்காமலே, உயர் நீதிமன்றம் ரசாக் பகிண்டாவை விடுதலை செய்தது. அவர் பிரமாணப் பத்திரத்தில் கூறியதை அரசுத் தரப்பு மறுத்து நிரூபிக்கவில்லை என்பது காரணம். அரசுத் தரப்பு அப்பீலும் செய்யவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. இதை நாம் ஐயமின்றி எழுதுகின்றோம். 2009 ஏப்ரல் 3-ல் நஜிப் பிரதமரானார். ஆறு நாள் கழித்து, 9-ந் தேதி, இரு போலீஸ்காரர்களுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஆகஸ்டு 23-ல் அப்பீல் கோர்ட்டு இருவரையும் விடுவித்தது. உதவிப் பிரதமரின் மெய்க்காவல் அதிகாரியைச் சாட்சியாக அழைக்காதது, அரசுத் தரப்பின் குறைகளில் ஒன்று என்று அக்கோர்ட்டு சொல்லிற்று. 2015 ஜனவரி 13-ல் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்து, மீண்டும் தூக்குத் தண்டனையை நிலைநாட்டியது. அதற்குள் சிருல் ஆஸ்திரேலியா போய்விட்டார். தூக்குத் தண்டனைக்கு ஆளாகக்கூடியவரை அந்நாடு திருப்பி அனுப்புவதில்லை.

அதே கூட்டரசு நீதிமன்றம், நான்கு வாரம் கழித்து, 2015 பிப்ரவரி 10-ல் அன்வாரின் ஐந்து வருஷச் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. ஜனவரியில், "கோர்ட்டுக்கு இப்போதாவது முதுகெலும்பு வந்ததே" என்று புகழ்ந்த வாய்களே, பிப்ரவரியில், "கோர்ட்டு விலைபோயிற்று" என்று இகழ்ந்தன. பிப்ரவரியில், "நீதிமன்றத்திற்குத் தலை வணங்குங்கள்" என்றவர்கள், ஜனவரியில் வாய் திறக்காதிருந்தவர்கள். நீதிமன்றங்கள் தவறே செய்யா என்று நாம் சொல்லவில்லை. இவ்விரு தீர்ப்புகளையும் முழுமையாக வாசித்து, ஒன்றைச் சரி என்றும் மற்றொன்றைத் தவறு என்றும் காரணங்காட்டி ஒருவர் வாதித்தால், அதை நாம் மரியாதையோடு கேட்போம். ஆனால் அக்காலத்தில் மேசைகளில் பேசியவர்கள் தீர்ப்பை வாசிக்கவில்லை. அதில் யார் பெயர் இருக்கிறதென்று மாத்திரம் பார்த்தார்கள்.

இந்தக் கூச்சலில் விழுந்து காணாமற் போன கேள்வி ஒன்று உண்டு. தண்டனை பெற்ற இரு போலீஸ்காரர்களுக்கும் அப்பெண்ணுக்கும் முன்பகை ஏதும் இருந்ததாக வழக்கில் வெளிப்படவில்லை. அப்படியானால் அவளை ஏன் கொன்றார்கள்? யாரேனும் சொல்லிக் கொன்றார்களா? கொலைக் குற்றத்தை நிரூபிக்க நோக்கத்தை நிரூபிப்பது அவசியமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது. சட்டம் அப்படித்தான். ஆனால் சரித்திரத்திற்கு நோக்கம் வேண்டும். இறந்தவளின் தகப்பனாருக்கும் வேண்டும். மங்கோலியாவில் பேராசிரியரான செதேவ் ஷாரிபு, மறைந்த கர்ப்பால் சிங் முதலிய வக்கீல்களின் துணையோடு, வருஷக்கணக்காய் இந்நாட்டுக்கு வந்து கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். ஒரு கட்சிக்கு அதன் விடை முன்னமே தெரிந்திருந்தது. ஆதலால் விசாரிக்கத் தேவையில்லை. மறுகட்சிக்கு அதன் விடை வேண்டாதிருந்தது. ஆதலால் விசாரிக்க மனமில்லை.

2018 மே 9-ல் ஆட்சி மாறிற்று. 16-ந் தேதி அன்வார் மன்னிப்புப் பெற்று வெளிவந்தார். செதேவ் ஜூன் மாதம் மறுபடியும் வந்து புகார் கொடுத்தார். 2019 டிசம்பரில், சிறையிலிருந்த அசிலா, கொல்லும்படி உத்தரவிட்டவர் நஜிப்பே என்று பிரமாணப் பத்திரம் எழுதியதாகச் செய்தி வெளியாயிற்று. நஜிப் அதை மறுத்து, 20-ந் தேதி கம்போங் பாரு பள்ளிவாசலில் மீண்டும் சத்தியம் செய்தார். 2020 டிசம்பர் 8-ல் அசிலாவின் மறு ஆய்வு மனுவைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளிற்று. 2022-ல் நஜிப் வேறொரு வழக்கில், பண மோசடிக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். அவ்வருஷமே அன்வார் பிரதமரானார். 2024 அக்டோபரில் அசிலாவின் தூக்குத் தண்டனை நாற்பது வருஷச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. நாற்காலிகள் மாறின, சிறைக்கதவுகள் திறந்தன, மூடின. ஏன் கொன்றார்கள் என்ற கேள்வி மாத்திரம் 2006-ம் வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது.

இது கோலாலம்பூர்ப் பெரிய மனிதர் விவகாரம், தோட்டத்தாருக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ஒன்று சொல்லுகின்றோம். சில வருஷங்களுக்கு முன், இந்த மலையில் நாம் கிராணி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், நிர்வாகிக்கு எல்லாவற்றிலும் யோசனை சொல்லிக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர்மேல், உரமூட்டைகள் காணாமற் போனதாகப் புகார் எழுந்தது. அவர் கோயில் கமிட்டியில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர். உடனே லயம் இரண்டாயிற்று. ஒரு பக்கம், "பொறாமையால் கட்டிய பொய்" என்றது. மறுபக்கம், "இவன் இருபது வருஷமாய்த் திருடுகிறான்" என்றது. மூட்டைகள் எங்கே இறங்கின என்று சொல்ல முன்வந்த லாரி டிரைவர், இரு பக்கத்தாருடைய ஏச்சையும் தாங்கமாட்டாமல், பிள்ளைகளைப் பாதிப் படிப்பில் நிறுத்திக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். ஸ்டோரிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை மூட்டை, யார் கையெழுத்தில் வெளியே போயிற்று என்ற கணக்குப் புத்தகம் நமது மேசை இழுப்பறையில் இருந்தது. இரு கட்சியாரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கண்டக்டர் நமக்குச் சிநேகிதர். ஆகையால் நாமும் எடுத்துக் காட்டவில்லை. அப்புத்தகம் அவரைக் குற்றவாளி என்று காட்டியிருக்குமோ, நிரபராதி என்று காட்டியிருக்குமோ, நாம் அறியோம். ஏனெனில் அதைத் திறந்து பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை. டிரைவரின் வீடு காலியாகி, வேறு குடும்பம் வந்து, வாசலில் புதுக் கோலம் போட்ட அன்றுதான் நமது செய்கையின் கனம் நமக்கு விளங்கிற்று.

கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நிற்கும் கிராணி, கூடையின் எடையைப் பார்க்க வேண்டும். கூடையைச் சுமந்துவந்தவளின் முகத்தைப் பார்த்து எடை போட்டால் அவன் திருடன். இதைத் தோட்டத்தில் சிறு பிள்ளையும் அறியும். ஒரு ராத்தல் குறைந்தாலும் பெரட்டுக் களத்தில் சண்டைக்கு வரும் நாம், ஓர் உயிரின் விஷயத்தில், ஒரு சாட்சியின் மானத்தின் விஷயத்தில், முகத்தைப் பார்த்து எடை போடுவதற்கு உடன்படலாமா?

ஆகவே தோழர்களே, இனி எந்தக் கட்சிப் பெரியவருடைய ஆலோசகர்மீது எந்த விசாரணை வந்தாலும், வாயைத் திறக்குமுன் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இதே சாட்சியம் நமது கட்சிக்காரர்மீது வந்திருந்தால் நாம் நம்பியிருப்போமா? இதே போலீசும் இதே கோர்ட்டும் நமக்குப் பிடித்த முடிவைச் சொன்னபோது நாம் என்ன சொன்னோம்? விசாரணை முடிந்தபின், பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்ததா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லக்கூடியவன் எந்தக் கட்சியில் இருந்தாலும் குற்றமில்லை. கட்சியே வேண்டாம் என்பது நமது வாதமன்று. கட்சி நமது வாக்குக்கு உரியது. நமது கண்ணுக்கு உரியதன்று.

நமது மேசை இழுப்பறையில் ஒரு புத்தகம் இருந்தது போலவே, ஒவ்வொருவரிடத்தும் பிறர் கேட்காததும் தாம் சொல்லாததுமான ஓர் உண்மை இருக்கக்கூடும். கேட்கும்வரை காத்திராமல் அதை எடுத்து வைக்கும் பழக்கம் நமது லயங்களில் உண்டாகுமானால், நாட்டில் அது உண்டாவதற்கும் வழி பிறக்கும். டிரைவருக்கு நாம் செய்ய வேண்டியிருந்த கடமை அது. காலந்தாழ்ந்தேனும் அதை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.